தோட்டத்து மரங்களின் சிறு பூக்களைப் பார்ப்பது எப்படி?

மாமரத்தின் பூவில் எத்தனை இதழ்கள் இருக்கும் என்று கேட்டால், அந்த மரத்தின் நிழலிலேயே வளர்ந்தவர்களிலும் பலர் சற்றுத் தயங்குவார்கள். காயின் வடிவமும் இலையின் மணமும் பழத்தின் நிறமும் அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். பூ மட்டும் தனிப் பூவாக மனத்தில் பதிந்திருக்காது. மரம் பூத்திருக்கிறது என்பதைக் கிளை நுனிகளின் மஞ்சளும் செம்மையும் கலந்த நிறத்தைக் கொண்டு அறிந்திருப்பார்களே தவிர, அந்த நிறம் எவற்றால் ஆனது என்பதை நெருங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாவுக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று இது. வேம்பு, நெல்லி, நாவல், பலா, தென்னை, நெட்டிலிங்கம், கறிவேப்பிலை என்று நாம் அன்றாடம் கடந்து செல்லும் மரங்களில் பெரும்பாலானவற்றின் பூக்கள் சிறியவையாகவோ, இலையின் நிறத்திலேயே இருப்பவையாகவோ, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மலர்பவையாகவோ உள்ளன. அவற்றைக் காண்பதற்குத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பூவின் அடிப்படை அமைப்பைப் பற்றிய சிறிதளவு அறிவும், எங்கே பார்ப்பது என்ற தெளிவும் இருந்தால் போதும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஒரு முழுமையான பூவில் வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு வட்டங்கள் அமைந்திருக்கும். மொட்டைக் காக்கும் புல்லி இதழ்கள் வெளிவட்டம். பொதுவாக நிறத்தோடு இருக்கும் அல்லி இதழ்கள் அடுத்த வட்டம். அதற்கு உள்ளே மகரந்தத்தாள்கள் நிற்கும். ஒவ்வொரு தாளின் நுனியிலும் மகரந்தப்பை இருக்கும். நடுவில் சூலகம். அதன் அடியில் உள்ள சூற்பைதான் பின்னர் காயாகிறது. நுனியில் உள்ள சூல்முடிதான் மகரந்தத்தை ஏற்கிறது. இந்த நான்கு வட்டங்களும் எல்லாப் பூக்களிலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதழே இல்லாத பூக்கள் உண்டு. மகரந்தத்தாள் மட்டும் உள்ள ஆண்பூக்களும், சூலகம் மட்டும் உள்ள பெண்பூக்களும் உண்டு. இரண்டும் உள்ள இருபால் பூக்களும் உண்டு. பூ என்றாலே நிறமுள்ள இதழ் என்று நாம் பழகியிருப்பதுதான் சிறு பூக்கள் கண்ணில் படாமல் போவதற்கு முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். நிறம் எப்போதும் பூவினுடையது என்றும் சொல்வதற்கில்லை. காகிதப்பூச் செடியில் நம் கண்ணைக் கவரும் மூன்று வண்ண மடல்களும் உருமாறிய இலைகள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே மெல்லிய குழல்களாக, வெளிறிய சிறு முகத்தோடு இருக்கின்றன.

இதழைவிட மகரந்தத்தாளையும் சூலகத்தையும் முதலில் தேடுவது நல்ல பழக்கம். சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1735-இல் தாவர உலகத்தை வகைப்படுத்த முனைந்தபோது, மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும்தான் முதன்மையான அடையாளமாகக் கொண்டார். உறவுமுறை அடிப்படையிலான இன்றைய வகைப்பாடு அந்த முறையைக் கடந்து வந்துவிட்டது. ஆயினும் ஒரு பூவை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குத் தாள்களை எண்ணுவதைப் போல உதவும் பயிற்சி வேறில்லை. எண்ணத் தொடங்கினால்தான் கண் அந்தப் பூவின் மேல் நிலைக்கும்.

இனி மாம்பூவுக்கு வருவோம். கிளையின் நுனியில் கூம்பு வடிவில் கிளைத்து நிற்கும் பூங்கொத்து ஒன்றில் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். ஒரு பூவின் அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஐந்து இதழ்கள் உள்ளன. அவற்றின் உட்புறத்தில், அடியிலிருந்து மேல்நோக்கி மஞ்சள் நிற வரிமேடுகள் ஓடுகின்றன. பூ முதிர முதிர அந்த வரிகள் செம்மை ஏறுகின்றன. ஆகவே ஒரே கொத்தில் இன்று மலர்ந்த பூவையும் நேற்றோ அதற்கு முன்போ மலர்ந்த பூவையும் நிறத்தைக் கொண்டே பிரித்தறியலாம். நடுவில் ஐந்து மடிப்புகளாகப் புடைத்த, ஈரப்பசையுள்ள வட்டு ஒன்று உள்ளது. சிறு பூச்சிகள் நாடி வருவது இதைத்தான். வட்டின் ஓரத்தில் நிற்கும் மகரந்தத்தாள்களை எண்ணினால் வியப்பாக இருக்கும்: நன்கு வளர்ந்து, சிவந்த மகரந்தப்பையோடு நிற்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், சில பூக்களில் இரண்டு. மற்றவை குட்டையான, மகரந்தம் தராத எச்சங்களாக நிற்கின்றன.

அடுத்ததாகச் சூலகத்தைத் தேட வேண்டும். வட்டின் நடுவே பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் உருண்டையான சிறு சூற்பையும், அதன் பக்கவாட்டிலிருந்து எழுந்து வளைந்து நிற்கும் தண்டும் தெரிந்தால், அது காயாகக்கூடிய இருபால் பூ. அவை இல்லாமல் வட்டும் தாளும் மட்டும் இருந்தால், அது ஆண்பூ. மாவின் ஒவ்வொரு கொத்திலும் இந்த இரு வகைப் பூக்களும் கலந்தே இருக்கின்றன. எந்த வகை எவ்வளவு என்பது மரத்தின் இரகத்தையும் பருவத்தையும் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. இத்தனை பூ பூத்தும் இவ்வளவு குறைவாகக் காய்க்கிறதே என்று மாமரத்தைப் பார்த்து வருந்துபவர்களுக்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது. அந்தப் பூக்களில் ஒரு பகுதி காயாவதற்காக அமைந்தவையே அல்ல. எஞ்சியவற்றிலும் மிகச் சிலவே பிஞ்சு பிடித்து, கொத்துக்கு ஓரிரு காய்களாக நிலைக்கின்றன.

ஆண்பூக்களை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. பூச்சிகளின் கண்ணுக்குக் கொத்து முழுவதும் சேர்ந்தே ஒரு பெரிய பூவாகத் தெரிகிறது. மணமும் நிறமும் மொத்தமாகச் சேர்ந்துதான் அவற்றை அழைக்கின்றன. தனிப்பூ சிறிதாக இருப்பதால் மரத்துக்கு வேறொரு பயனும் உண்டு. பூக்கள் ஒரே நாளில் மலர்ந்து முடியாமல் பல நாள்களுக்குப் பரவி மலர்வதால், ஒரு நாள் மழையோ பூச்சிகள் வராத நாளோ அந்தப் பருவத்தையே கெடுத்துவிடுவதில்லை. மாம்பூவின் தேன் ஆழமான குழலுக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே நீண்ட உறிஞ்சுகுழல் இல்லாத ஈக்கள், சிறு தேனீக்கள், எறும்புகள் போன்றவையும் அதை எளிதில் எட்டுகின்றன. மாவின் மகரந்தச் சேர்க்கையில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பூத்திருக்கும் கொத்தின் அருகே சில நிமிடங்கள் அசையாமல் நின்றாலே, வந்து போகும் ஈக்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது தெரியவரும்.

காற்றை நம்பும் மரங்களின் நிலை வேறு. பூச்சிகளை அழைக்க வேண்டிய தேவை இல்லாததால், சவுக்கு, ஓக், பிர்ச் போன்றவற்றின் பூக்களுக்கு நிறமுள்ள இதழோ தேனோ இல்லை. சவுக்கின் ஆண்பூவில் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான் உண்டு. ஊசி போன்ற பச்சைக் குச்சிகளின் நுனியில் அத்தகைய பூக்கள் வரிசையாகச் சேர்ந்து நிற்கின்றன. அதன் பெண்பூக்கள் கிளையோடு ஒட்டிய சிறு சிவப்புக் குஞ்சங்களாக இருக்கின்றன. மரத்தைத் தெரிந்தவர்களுக்கும் இந்தச் சிவப்பு புதிதாகவே இருக்கும்.

வேம்பின் பூ மணத்தால் அறியப்பட்ட அளவுக்கு உருவத்தால் அறியப்படவில்லை. ஐந்து வெள்ளை இதழ்கள் விரிந்திருக்க, நடுவே ஒரு வெள்ளைக் குழாய் நிற்கிறது. மகரந்தத்தாளைத் தேடுபவர் முதலில் குழம்பித்தான் போவார், ஏனெனில் தனித்தனித் தாள்கள் எங்கும் தென்படாது. அந்தக் குழாய்தான் பத்துத் தாள்களும் ஒன்றாக இணைந்து ஆன அமைப்பு. குழாயின் வாய்ப்பகுதியில், உட்புறமாக, பத்து மகரந்தப்பைகள் வட்டமாக ஒட்டியிருக்கின்றன. அவற்றின் நடுவில் சூல்முடி தெரிகிறது. ஊசி நுனியால் குழாயை நீளவாக்கில் கிழித்து விரித்தால் இந்த ஒழுங்கு முழுவதும் புலப்படும். இதே இணைந்த குழாய் மலைவேம்பு, மகோகனி ஆகியவற்றின் பூக்களிலும் உண்டு. அவை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலைகளை ஒப்பிட்டு எழும் ஐயம் ஒரு பூவை விரித்துப் பார்த்ததும் தீர்ந்துவிடுவது உண்டு. கறிவேப்பிலையின் பூவிலும் ஐந்து வெள்ளை இதழ்களும் பத்துத் தாள்களும் இருக்கின்றன; ஆனால் அங்கே தாள்கள் தனித்தனியாக, ஒன்று நீளமும் அடுத்தது குட்டையுமாக மாறி மாறி நிற்கின்றன.

கவனத்திலிருந்து தப்புவதற்குச் சிறிதாக இருப்பது ஒரு வழி என்றால், இலையின் நிறத்தில் இருப்பது மற்றொரு வழி. நெட்டிலிங்கத்தின் பூ அவ்வளவு சிறியதும் அன்று. குறுகி நீண்ட, விளிம்பு நெளிந்த ஆறு இதழ்கள் மூன்று மூன்றாக இரு சுற்றில் அமைந்து, வெளிர்பச்சை நட்சத்திரமாக விரிந்திருக்கும். தொங்கும் இலைகளுக்கு நடுவே அதே பச்சையில் பூப்பதாலும், பூக்கும் காலம் சில வாரங்களே என்பதாலும், வாயிலில் வரிசையாக இந்த மரத்தை வளர்ப்பவர்கள்கூட அது பூப்பதை அறியாமல் இருக்கிறார்கள். இந்தப் பூவின் நடுவில் ஒரு சூலகம் இல்லை, தனித்தனியான பல சூலகங்கள் இருக்கின்றன. அவை தனித்தனியாகவே காயாகின்றன. எனவே பிற்காலத்தில் ஒரே இடத்திலிருந்து குலையாகத் தொங்கும் காய்களைக் கண்டால், அந்தக் குலை முழுவதும் ஒரே பூவிலிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

சிறு பூக்களில் எனக்கு மிகவும் பிடித்தது நெல்லியின் பூ. சில மில்லிமீட்டர் அளவே உள்ள, மஞ்சள் கலந்த வெளிர்பச்சை நிறப் பூக்கள் அவை. அல்லி இதழ்களே இல்லாமல், ஆறு சிறு மடல்கள் மட்டும் கொண்டவை. ஆண்பூவில் மூன்று தாள்கள் அடியில் ஒன்றாக இணைந்து நிற்கும். பெண்பூவின் நடுவில் சிறு சூற்பையும், நுனியில் பிளவுபட்ட சூல்முடிகளும் தெரியும். ஆண்பூக்கள் மெல்லிய காம்புகளில் கொத்தாகத் தொங்குகின்றன. பெண்பூக்களோ ஏறக்குறையக் காம்பே இல்லாமல் குச்சியோடு ஒட்டியிருக்கின்றன. நெல்லிக்காய் கிளையோடு ஒட்டிக்கொண்டே காய்ப்பதற்கு இதுதான் காரணம். எண்ணிக்கையில் ஆண்பூக்களே மிக அதிகம் என்பதால், பெண்பூவைக் கண்டுபிடிக்கச் சற்றுப் பொறுமை தேவைப்படும்.

நெல்லியின் பூக்கள் நிற்கும் இடம் இன்னொரு செய்தியையும் சொல்கிறது. நெல்லியின் இலை, புளியின் இலையைப் போலப் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் பூக்கள் முளைக்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், அந்தச் சிற்றிலை ஒவ்வொன்றும் குச்சியோடு சேரும் இடுக்கிலிருந்துதான் அவை வருகின்றன. பூவோ புதுக்கிளையோ தோன்றும் மொட்டு, இலை கிளையோடு சேரும் கக்கத்தில் இருக்குமே தவிர, கூட்டிலையின் சிற்றிலை இடுக்கில் இருக்காது. ஆகவே நெல்லியில் சிற்றிலை என்று நாம் நினைப்பது ஒரு முழு இலை. கூட்டிலை என்று நினைப்பது பல இலைகள் தாங்கிய ஒரு சிறு கிளை. கீழாநெல்லிச் செடியிலும் இதே அமைப்பைக் காணலாம். சில மில்லிமீட்டர் பூ ஒன்று ஒரு மரத்தின் உடலமைப்பையே திருத்திச் சொல்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

பூத்த உடனே நெல்லி காய்ப்பதும் இல்லை. கருவுற்ற சூற்பை வெப்பகாலத்தில் சில மாதங்கள் ஏறக்குறைய வளர்ச்சியின்றி இருந்து, மழைக்காலம் தொடங்கிய பின்னரே பருக்கிறது. பூவுக்கும் காய்க்கும் நடுவே இத்தனை இடைவெளி இருப்பதால், இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்கும் வாய்ப்பே பலருக்கு அமைவதில்லை.

உயரமான மரங்களின் பூக்களைப் பார்க்க நினைப்பவர்கள் இயல்பாகவே தரையில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கிப் பார்ப்பார்கள். அது நல்ல வழிதான். நாவல் மரத்தடியில், ஒன்றாக ஒட்டி மூடிபோல் கழன்று விழும் இதழ்களையும் எண்ணற்ற தாள்களையும் அப்படித்தான் காண முடியும். ஆனால் தரையில் கிடப்பவை மரத்தின் முழுக்கதையைச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேலை முடிந்த ஆண்பூக்களும் இதழ்களும் உதிர்கின்றன. கருவுற்ற சூலகம் மரத்திலேயே தங்குகிறது. தென்னையில் இது தெளிவாகத் தெரியும். பாளை வெடித்து விரிந்த கதிர்களின் மேற்பகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான ஆண்பூக்கள், அடிப்பகுதியில் உருண்டையான சில பெண்பூக்கள். தரையில் கிடக்கும் வெளிர்மஞ்சள் பூவை எடுத்தால், விறைப்பான மூன்று இதழ்களும் ஆறு தாள்களும் இருக்கும், அது ஆண்பூ. நெட்டை இரகங்களில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து முடிந்த பின்னரே அதே பாளையின் பெண்பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் நிலைக்கு வருகின்றன. ஆகவே அவற்றுக்கு வேறு பாளையின், பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டியிருக்கிறது. குட்டை இரகங்களில் இரண்டு காலமும் ஒன்றோடொன்று கலந்து வருவதால் தன் மகரந்தமே போதுமானதாகிவிடுகிறது.

பலாவில் இதே குழப்பம் கவலையாகவே மாறிவிடுவதுண்டு. பிஞ்சுகள் கறுத்து உதிர்கின்றன என்று பலர் வருந்துவார்கள். உதிர்வனவற்றில் பெரும்பகுதி பிஞ்சுகளே அல்ல, மகரந்தம் சிந்தி முடித்த ஆண் மஞ்சரிகள், அதாவது ஆண்பூக்களின் கொத்துகள். ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தாள் கொண்ட நுண்ணிய பூக்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. மலர்ந்த நிலையில் மேற்பரப்பு முழுவதும் மகரந்தம் பூசியதுபோல் தெரியும், இனிய மணமும் வீசும். பெண் மஞ்சரி சற்றுப் பருமனாகவும் தடித்த காம்போடும் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு நுண்ணிய பூவும் கருவுற்றால் ஒரு சுளையாகிறது, கருவுறாவிட்டால் சுளைகளுக்கு நடுவே உள்ள சக்கையாக எஞ்சுகிறது. பலாப்பழத்தின் மேலுள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. எனவே பலாப்பூவைப் பார்த்ததில்லை என்பவர்களும், முற்றிய வடிவில் அவற்றை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்கள்தான்.

காயிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பூவை அறியும் இந்த முறை வேறு மரங்களுக்கும் பயன்படும். கொய்யாவின் அடியில் காய்ந்து நிற்கும் மடல்களும், மாதுளையின் கிரீடமும் உதிராமல் தங்கிய புல்லி இதழ்கள். தேங்காயில் இருக்கும் மூன்று கண்கள், அதன் பெண்பூவின் சூலகம் மூன்று அறைகளால் ஆனது என்பதற்கான அடையாளம். அவற்றில் ஒன்றுதான் விதையாக வளர்கிறது.

பார்ப்பதற்கான கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கும் சிறிய கைலென்ஸ் இருந்தால் போதும். அதைப் பூவுக்கு அருகே பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பது பொதுவான தவறு. லென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, தெளிவாகத் தெரியும்வரை பூவை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் பூவின் மேல் பக்கவாட்டில் விழுந்தால் மடிப்புகளும் மயிர்களும் நன்கு தெரியும். வெள்ளைத் தாளை விரித்துக் கிளையை மெல்லத் தட்டினால் மகரந்தமும் நுண்பூச்சிகளும் அதில் விழும். பச்சைப் பூக்களுக்கு அந்தத் தாளே நல்ல பின்புலமும் ஆகும். பல பூக்கள் காலையில்தான் புதிதாக இருக்கின்றன; வேம்பைப் போல மாலையில் மணம் மிகுபவையும் உண்டு என்பதால், ஒரே மரத்தை இரு வேளையிலும் பார்ப்பது நல்லது. எங்கே தேடுவது என்பதில் மூன்று இடங்களை மறக்கக் கூடாது: கிளை நுனி, இலைக் கக்கம், அடிமரம். மூன்றாவது இடத்தைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். பலாவும் அத்தியும் தண்டிலும் தடித்த கிளைகளிலும் நேராகவே பூக்கின்றன.

பூவே தெரியாத மரம் என்று பெயரெடுத்த அத்தியை இறுதியாகப் பார்ப்பது வசதியானது, ஏனெனில் அதற்குப் பழகிய கண் வேண்டும். அத்திக்காய் என்று நாம் சொல்வது, பூங்கொத்தைச் சட்டைப்பையைப் போல உட்புறமாகத் திருப்பி மூடியது போன்ற அமைப்பு. நூற்றுக்கணக்கான பூக்கள் அதன் உட்சுவரில் இருக்கின்றன. ஆல், அரசு உட்பட 700-க்கும் மேற்பட்ட அத்தி இனங்களிலும் அமைப்பு இதுவே. காம்புக்கு எதிர்ப்புறத்தில், செதில்களால் மூடிய ஒரு நுண்துளை உண்டு. மகரந்தத்தைச் சுமந்த பெண் குளவி அதன் வழியே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. நுழையும்போது பெரும்பாலும் இறக்கைகளை இழந்துவிடுகிறது. உள்ளே சில பூக்களில் முட்டையிடுகிறது. மற்றப் பூக்கள் மகரந்தம் பெற்று விதையாகின்றன. சில வாரங்கள் கழித்து, அங்கேயே பிறந்த இறக்கையற்ற ஆண் குளவிகள் சுவரில் வழி குடைகின்றன. இளம் பெண் குளவிகள் அப்போது முதிர்ந்திருக்கும் ஆண்பூக்களின் மகரந்தத்தோடு வெளியேறி, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தைத் தேடிப் போகின்றன. பெண்பூக்களும் ஆண்பூக்களும் ஒரே காயில் இருந்தாலும், அவற்றின் காலம் வேறு வேறு. ஆகவே ஒரு காயை மட்டும் வெட்டினால் போதாது. கெட்டியான பச்சைக் காய் ஒன்றையும், நிறம் மாறத் தொடங்கியது ஒன்றையும் நீளவாக்கில் வெட்டி, வடியும் பாலைத் துடைத்துவிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து லென்ஸில் பார்க்க வேண்டும். முதலாவதில் உட்சுவர் முழுவதும் பெண்பூக்களின் சூல்முடிகள் நெருங்கி நிற்கும். இரண்டாவதில் நுண்துளையைச் சுற்றி ஆண்பூக்களின் மகரந்தப்பைகளையும், புறப்படத் தாமதித்த குளவிகள் இருந்தால் அவற்றையும் காணலாம்.